ஒரு வரைபடக்கூடமும் ஒரு துணை ஆளுநரும்

டிராயிங் கைக்கு வந்தவுடன் கட்டுமானத் தளத்து ஆட்களின் கண் முதலில் போவது அதன் வலது கீழ் மூலைக்குத்தான். யார் வரைந்தது, யார் சரிபார்த்தது, எத்தனையாவது ரிவிஷன், என்ன தேதி என்பதெல்லாம் அந்தச் சின்னக் கட்டத்தில் இருக்கும். 2000-களின் நடுவில் கூடங்குளத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தேன். அங்கே எனக்கு முதல் பாடம் எடுத்தவர் கம்பி கட்டும் மேஸ்திரி ஒருவர். "தம்பி, மூலையப் பாத்தீயளா?" என்று கேட்பார். பார்த்தேன் என்று சொல்லும்வரை ஒரு கம்பியைக்கூட வெட்ட விடமாட்டார். பழைய ரிவிஷனை நம்பிக் கட்டிய கூட்டைப் பிரித்துப்போட்ட அனுபவம் அவருக்கு இருந்தது. எங்களுக்கு வந்த தாள்களில் அந்த மூலையில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் இருக்கும். படிக்கத் தெரியாத அந்த எழுத்துக்குப் பின்னால், எங்கோ ஒரு பனி பெய்யும் ஊரில் ஒரு மேசை முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு அப்போதே எனக்குள் ஒட்டிக்கொண்டது.

இந்த மலரின் குழுவினர் ஒரு ரஷ்யக் கட்டுமான நிறுவனத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னபோது நான் நிஸ்னி நோவ்கோரதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கூடங்குளத்தின் 1, 2-ஆம் உலைகளை வடிவமைத்தது மாஸ்கோ நிறுவனம். கட்டிக்கொடுக்கும் ஒப்பந்தத்தை எடுத்தது ஆட்டம்ஸ்ட்ராய்எக்ஸ்போர்ட் என்ற ஏற்றுமதி நிறுவனம். பிற்பாடு இந்த இரண்டும் வோல்கா நதிக்கரையில் இருந்த ஒரு மாகாண வரைபடக்கூடத்தின் நிர்வாகத்துக்குள் வந்தன. தலைநகரின் பெரிய நிறுவனங்களை மாகாண நிறுவனம் ஒன்று கையில் எடுப்பது ரஷ்யாவில் அடிக்கடி நடப்பதில்லை. அது நடந்த காலத்தில் அங்கே தலைமை நாற்காலியில் இருந்த வாலேரி லிமாரென்கோ, மாகாண அரசு நிர்வாகத்திலிருந்து வந்தவர். அரசியலிலிருந்து கட்டுமானத்துக்கு வந்து, பதினோரு வருடம் கழித்து மறுபடி அரசியலுக்கே போனவர். அந்த நிறுவனத்தின் கதையையும் அவருடைய கதையையும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஊர். வோல்காவும் ஓக்காவும் கூடும் முனையில் இருக்கிறது நிஸ்னி நோவ்கோரத். மக்சீம் கார்க்கி பிறந்த ஊர் என்பதால் 1932 முதல் 1990 வரை கார்க்கி என்றே அதற்குப் பெயர். தமிழ் வாசகர்களுக்கு அந்த ஊர் அறிமுகமில்லாதது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருநெல்வேலிக்காரரான தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கிய 'தாய்' நாவலில் வரும் ஆலைச் சங்கு அந்த ஊரின் சோர்மோவோ தொழிலாளர் பகுதியில் ஊதியதுதான். 1902 மே தின ஊர்வலம் அங்கே நடந்தது; அதிலிருந்துதான் கார்க்கி கதையை எடுத்தார். கப்பல் கட்டும் தளம், கார் தொழிற்சாலை, அணு உலை வடிவமைக்கும் நிலையம் என்று சோவியத் காலத்தில் அது இரும்பும் இரகசியமுமாக வளர்ந்தது. வெளிநாட்டவர் உள்ளே போக முடியாத மூடிய நகரம். அதனால்தான் அரசை விமர்சித்த இயற்பியலாளர் ஆந்திரே சகாரவை 1980-ல் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்த ஊரில் 1951-ல் மின் நிலையங்களுக்கு வரைபடம் போடும் ஓர் அலுவலகம் தொடங்கியது. முதலில் அனல் மின் நிலையங்கள்தான். நிலக்கரி, கொதிகலன், புகைபோக்கி. பின்னர்தான் அணு மின் நிலையம். மாஸ்கோவிலோ லெனின்கிராடிலோ இருந்த பெரிய நிறுவனங்களோடு ஒப்பிட்டால் இது இரண்டாம் வரிசையில் இருந்த ஒன்று. அதற்கு வந்த பொறுப்புகளில் இரண்டை மட்டும் விரித்துச் சொல்கிறேன். அந்த இரண்டும் சேர்ந்துதான் அதன் தலையெழுத்தை எழுதின.

ஒன்று சொந்த ஊரிலேயே. கார்க்கி நகரத்து வீடுகளுக்குக் குளிர்காலத்தில் வெந்நீர் அனுப்ப ஓர் அணு வெப்ப நிலையம். மின்சாரம் எடுப்பதில்லை, உலையின் சூட்டைக் குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்புவதோடு சரி. தலா 500 மெகாவாட் வெப்பத் திறனில் இரண்டு உலைகள். குழாயில் வெந்நீர் ஓடாவிட்டால் ஜனவரியில் சுவருக்குள் உட்காரவே முடியாத நாடு அது. எனவே யோசனையில் பிழை காண முடியாது. 1982-ல் வேலை தொடங்கியது. 1986-ல் செர்னோபில் வெடித்தது. நகரத்தின் வாசலிலேயே உலையா என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களோடு சேர்ந்து வாதாடியவர்களில் ஓர் இளம் இயற்பியலாளர் இருந்தார். அவர் பெயர் போரிஸ் நெம்த்சோவ். அந்தப் போராட்டத்தில்தான் அவர் மக்களுக்கு அறிமுகமானார். 1991-ல் அந்த மாகாணத்தின் ஆளுநரானார். 1989-ல் சர்வதேச அணுசக்தி முகமை வல்லுநர்கள் வந்து நிலையத்தைப் பார்த்து, பாதுகாப்பில் குறை சொல்லாமல் போனார்கள். ஆனாலும் 1990-ல் மாகாண மன்றம் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டது. எழுந்த கட்டடம் எழுந்தபடியே நின்றது.

இன்னொன்று தெற்கே, தோன் நதிப் படுகையில். சிம்லியான்ஸ்க் நீர்த்தேக்கத்தின் கரையில் வோல்கதோன்ஸ்க் என்ற ஊர். அணு உலைகளின் அழுத்தக் கலன்களைச் செய்வதற்கென்றே அட்டம்மாஷ் என்ற மாபெரும் ஆலையை அங்கே கட்டினார்கள். அதன் பக்கத்திலேயே ரஸ்தோவ் அணு மின் நிலையம். அதற்கு வரைபடம் போட்டது நம் கார்க்கி நிறுவனம். முதல் உலை ஏறக்குறைய முடிந்துவிட்ட நிலையில், அதே 1990-ல், மக்கள் எதிர்ப்பால் அங்கேயும் வேலை நின்றது.

ஒரே வருடத்தில் இரண்டு தளங்களின் வாசல் மூடியதென்றால் ஒரு வரைபடக்கூடத்தில் என்ன நடக்கும் என்று நம் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணக்குச் சரிதான், கான்கிரீட் கலவை சரிதான், கியூப் டெஸ்ட் சரிதான். ஆனால் ஊர் வேண்டாம் என்றுவிட்டது. எந்தச் சூத்திரத்திலும் இல்லாத ஒரு சுமையை அந்தக் கட்டடம் தாங்க வேண்டியிருந்தது. அதற்கு யாரும் கம்பி போட்டிருக்கவில்லை. அடுத்த வருடம் நாடே உடைந்தது. தொண்ணூறுகளில் ரஷ்யப் பொறியாளர்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் வரவில்லை. கைதேர்ந்தவர்கள் சந்தையில் கடை போட்டார்கள். நிற்கிற நிலையங்களைப் பராமரிக்கும் சில்லறை வேலைகளோடு அந்த அலுவலகம் காலத்தைத் தள்ளியது. வோல்கதோன்ஸ்க் முதல் உலை 2001 மார்ச்சில்தான் மின்சாரம் கொடுத்தது. நின்ற வேலையை மறுபடி தொடங்கி முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

இனி மனிதருக்கு வருகிறேன். லிமாரென்கோ 1960 அக்டோபரில் கார்கிவ் நகரத்தில் பிறந்தவர். அங்கேயே விமானப் பொறியியல் கல்லூரியில் படித்து 1983-ல் பட்டம் பெற்றார். இன்று போரில் ஏவுகணை விழுந்துகொண்டிருக்கும் அதே கார்கிவ்தான். அன்றைக்கு அது ஒரே நாட்டின் படிப்பாளிகள் ஊர். அங்கிருந்து அவர் போய்ச் சேர்ந்தது ஸாரோவ். வரைபடத்திலேயே குறிக்கப்படாமல் ஆர்சமாஸ்-16 என்ற தபால் எண்ணால் மட்டும் அழைக்கப்பட்ட ஊர். பழைய மடாலயத்தைச் சுற்றி வேலியடித்து, சோவியத் நாட்டின் முதல் அணுகுண்டை உருவாக்கிய இடம். இந்த ஸாரோவும் நிஸ்னி நோவ்கோரத் மாகாணத்துக்குள்தான் வருகிறது. காலப்போக்கில் அவர் மாகாண அரசு வேலைக்கு மாறினார். துணை ஆளுநராக இருந்தார். மத்திய அரசின் சார்பில் மாகாணத்தைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளராகவும் இருந்தார். வேலையில்லாத் தொழிற்சாலை, சம்பளம் கேட்டு மறியல், உடைந்த வெந்நீர்க் குழாய், மாஸ்கோவிலிருந்து வராத பணம் என்று ஒரு மாகாண நிர்வாகியின் மேசைக்கு வருகிற எல்லாமும் அவர் மேசைக்கும் வந்திருக்கும்.

அவர் கட்டுமானத்துக்கு வந்த வழியைப் புரிந்துகொள்ள இன்னொருவரைச் சொல்ல வேண்டும். செர்கேய் கிரியென்கோ. 1998-ல் சில மாதங்கள் பிரதமராக இருந்தவர். 2000-ல் வோல்கா வட்டாரத்துக்கு அதிபரின் பிரதிநிதியானார். அந்த அலுவலகம் இருந்தது நிஸ்னி நோவ்கோரதில். 2005 இறுதியில் அணுசக்தித் துறையின் தலைமைக்குப் போனார். அந்தத் துறைதான் பிறகு ரோசாட்டம் என்ற அரசுக் கழகமானது. தலைமைக்குப் போகிறவர் தனக்குப் பழகியவர்களைக் கூட அழைத்துக்கொள்வது எங்கும் நடப்பதுதான். 2007-ல் லிமாரென்கோ நிஸ்னி நோவ்கோரத் வரைபடக்கூடத்தின் இயக்குநரானார்.

இதை முதலில் படித்தபோது எனக்கும் உறுத்தியது. வாழ்நாளெல்லாம் வரைபட மேசையில் முதுகு வளைந்தவர்கள் இருக்கும் இடத்தில், அரசாங்க மாளிகையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து தலைமையில் உட்கார வைப்பதா? நம் ஊர்ப் பொதுத்துறைகளில் இப்படி வந்தவர்கள் சிலர் பிரச்சினை என்னவென்று புரிவதற்கே மூன்று வருடம் எடுத்துக்கொண்டு, புரியும் நேரத்தில் மாற்றலாகிப் போனதைப் பார்த்தவன் நான். ஆனால் இந்தக் கதையில் நடந்தது வேறு. அவர் பதினோரு வருடம் நாற்காலியை விட்டு அசையவில்லை. வந்தவுடன் பிடித்துக்கொண்ட விஷயமும் சரியானது. டிராயிங் போட்டுக் கொடுத்து ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஒதுங்குவது இனி ஆகாது. வடிவமைப்பு, பொருள் வாங்குவது, கட்டுவது, ஓடவிட்டுக் கொடுப்பது எல்லாவற்றுக்கும் ஒரே கை பொறுப்பேற்க வேண்டும் என்று அந்த நிறுவனம் தன் தொழிலையே மாற்றிக்கொண்டது.

இது சொல்லச் சுலபம். வரைபடம் போடுபவரும் தளத்தில் நிற்பவரும் உலகம் முழுக்க ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள். நான் பின்னாளில் வேலை பார்த்த வேறொரு தளத்தில், பெயர் வேண்டாம், ஒரு சுவருக்குக் கான்கிரீட் போட்டு முடித்த மூன்றாம் நாள் குழாய்க்காரர்கள் வந்து நின்றார்கள். அவர்கள் டிராயிங்கில் அந்தச் சுவரில் ஓட்டை இருக்கிறது. எங்கள் டிராயிங்கில் இல்லை. இரண்டு தாளிலும் மூலைக் கட்டம் சரியாகவே இருந்தது. ரிவிஷன் சரி, கையெழுத்து சரி. வரைந்த இருவரும் ஒரே கட்டடத்தில் வெவ்வேறு மாடியில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். நாலு நாள் சுவரைக் குடைந்தோம். உள்ளே இருந்த கம்பியை வெட்டும்போது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நிஸ்னி நோவ்கோரத்காரர்கள் உருவாக்கிய மல்ட்டி-டி என்ற முறை இந்த நோய்க்கான மருந்து. கட்டடம், குழாய், கேபிள் தட்டு, பம்ப் என்று எல்லாவற்றையும் ஒரே கணினி மாதிரிக்குள் முப்பரிமாணத்தில் கொண்டுவருவது முதல் படி. அதை அப்போது பலரும் செய்தார்கள். இவர்கள் அதில் காலத்தையும் சேர்த்தார்கள். எந்தச் சுவர் எந்த வாரம் எழும்புகிறது, அந்த வாரம் கிரேன் எங்கே நிற்கும், எத்தனை வெல்டர் வேண்டும், பம்ப் கப்பலில் வந்து சேர்ந்துவிட்டதா. மானிட்டரில் நிலையம் நாளுக்கு நாள் வளர்வதை ஓட்டிப் பார்க்கலாம். சுவரை மூடிய பிறகுதான் உள்ளே போக வேண்டிய பெரிய தொட்டி வருகிறது என்பது கான்கிரீட் போடுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். அதிலிருந்து தளத்தின் ஒவ்வொரு மேற்பார்வையாளருக்கும் அன்றன்றைய வேலைச்சீட்டு பிரியும். மென்பொருளுக்கு பிரெஞ்சு நிறுவனமான டஸ்ஸோ சிஸ்டம்ஸோடு கைகோத்தார்கள்.

ரஷ்யத் தளங்களில் காலையில் 'பிளனியோர்கா' என்று ஒரு சின்னக் கூட்டம் நடக்கும். கூடங்குளத்தில் அந்தச் சொல் எங்கள் வாயிலும் புழங்கியது. நேற்று முடிந்தது என்ன, இன்று தடுப்பது என்ன, யார் பொறுப்பு என்பதை நின்றபடியே பேசிவிட்டுக் கலைவார்கள். மல்ட்டி-டி வந்தபின் அந்தக் கூட்டத்தில் வாய்க்கணக்குக்கு இடமில்லாமல் போனது. என் கணிப்பில், ஒரு மாகாணத்தை நிர்வகித்தவரின் கை தெரிவது இங்கேதான். உலை இயற்பியலை அவர் மாற்றவில்லை. அதற்கு ஆட்கள் இருந்தார்கள். நூறு துறை, ஆயிரம் கை, ஒரே கெடு என்ற சூழலில் எந்த வேலை எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்துக்கு ஆளை அனுப்பும் வேலை அவருக்குப் பழகியது. பொறியாளர்கள் பலருக்கு அது வராது. எனக்கு வராது.

பலன் தெரிந்தது. வோல்கதோன்ஸ்க் இரண்டாம் உலை 2010 மார்ச்சில் மின்சாரம் கொடுத்தது. த்வேர் மாகாணத்துக் கலீனின் நிலையத்தில் நான்காம் உலை 2011 இறுதியில். வோல்கதோன்ஸ்க் மூன்றாம் உலை 2014 டிசம்பரில், நான்காவது 2018 பிப்ரவரியில். 1990-ல் ஊர் நிறுத்திவைத்த அதே நிலையம் இன்று நான்கு உலைகளோடு ஓடுகிறது.

2012-ல் பெரிய திருப்பம். 1998-ல் பழைய சோவியத் நிறுவனங்கள் இரண்டை இணைத்து உருவாக்கிய ஆட்டம்ஸ்ட்ராய்எக்ஸ்போர்ட், நிஸ்னி நோவ்கோரத் நிர்வாகத்தின் கீழ் வந்தது. சீனத்தில் தியான்வான், ஈரானில் புஷேர், இந்தியாவில் கூடங்குளம் எல்லாம் அதன் கையில் இருந்த வேலைகள். 2014-ல் மாஸ்கோ வடிவமைப்பு நிறுவனம் வந்தது. 2016-ல் எல்லாவற்றுக்கும் ஏ.எஸ்.இ. என்று ஒரே பெயர் வைத்தார்கள். 2017-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நிறுவனமும் சேர்ந்தது. ஒரு காலத்தில் இரண்டாம் வரிசையில் இருந்த மாகாண அலுவலகத்தின் கூரைக்குக் கீழே, ரஷ்ய அணு மின் நிலையக் கட்டுமானம் மொத்தமும் வந்து சேர்ந்தது. லிமாரென்கோ அதன் தலைவர்.

அவர் ஆட்டம்ஸ்ட்ராய்எக்ஸ்போர்ட்டைக் கையில் எடுத்த நேரத்தில் நம் கடற்கரை எப்படி இருந்தது என்பதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். ராஜீவ் காந்தியும் கோர்பச்சோவும் 1988 நவம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். சோவியத் நாடு உடைந்ததில் அது கிடப்பில் கிடந்து, 1998-ல் உயிர் பெற்று, 2002 மார்ச் 31-ல் முதல் கான்கிரீட் விழுந்தது. 2007-ல் ஓட வேண்டிய முதல் உலை 2011-லும் ஓடவில்லை. தளவாடங்கள் வரிசை மாறி வந்தன. பின்னால் வேண்டியது முன்னால் வந்து குடோனில் கிடக்கும், முன்னால் வேண்டியது எந்தக் கப்பலில் வருகிறது என்று காத்துக்கிடப்போம். ஜப்பானில் ஃபுகுஷிமா நடந்த அதே 2011-ல் இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் எழும்பியது. சுனாமி வீட்டுக்குள் வந்துபோய் ஏழு வருடம்கூட ஆகாத மக்கள் அவர்கள். கடலைப் பற்றியும் உலையைப் பற்றியும் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் பல வருடங்களுக்கு முன்னாலேயே ஊருக்குள் வந்து உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். மாதக்கணக்கில் வேலை நின்றது. 2012 மார்ச்சில் தமிழ்நாடு அமைச்சரவை வேலையைத் தொடரலாம் என்று முடிவெடுத்து, சுற்றுவட்டாரத்துக்கு 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டம் அறிவித்தது. செப்டம்பரில் கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடந்தன. மணப்பாட்டில் துப்பாக்கிச்சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். ஆயிரக்கணக்கானவர் மீது வழக்குகள் பாய்ந்தன. செட்டிகுளத்து நகரியத்தில் ரஷ்யக் குடும்பங்கள் இருந்தன. கடைக்காரர்கள் உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் ரஷ்யச் சொல் பழகியிருந்தார்கள். ஏழெட்டு மைல் தள்ளி ஓர் ஊர் கொந்தளிக்க, இங்கே வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன்.

நிஸ்னி நோவ்கோரத்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவர்கள் ஊரிலேயே அது நடந்தது. அவர்கள் கட்டிய நிலையம் அவர்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் தூரத்தில் நின்றுபோனது. வோல்கதோன்ஸ்கில் பத்து வருடம் காத்திருந்து ஊரோடு பேசித்தான் மறுபடி நுழைந்தார்கள். அந்தப் பாடத்தை நம் கரைக்கு யாராவது கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று இன்றும் எனக்குத் தோன்றும். இங்கே ஊரோடு பேச வேண்டியது நம் அரசாங்கத்தின் வேலை, ரஷ்ய ஒப்பந்தக்காரரின் வேலை இல்லை என்பது சட்டப்படி சரி. ஆனாலும் துணை ஆளுநராக இருந்தவர் ஒருவர் அந்தப் பக்கத்தில் இருந்தார். மறியல் என்றால் என்னவென்று தெரிந்தவர்.

2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஜூலை 13-ல் முதல் உலை உயிர்பெற்றது, அக்டோபர் 22-ல் மின்கட்டமைப்பில் இணைந்தது. 2016 ஆகஸ்டில் மோடி, புதின், ஜெயலலிதா மூவரும் காணொலி வழியாக அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். அதே மாதம் இரண்டாம் உலையும் இணைந்தது. தலா 1000 மெகாவாட். எரிபொருள் உருகி வழிந்தாலும் கீழே ஏந்திக்கொள்ளும் பெரிய கலன், மின்சாரமே இல்லாமல் வெளிக்காற்றால் உலையைக் குளிர்விக்கும் அமைப்பு என்று இந்த உலைகளுக்கு உள்ள ஏற்பாடுகள் அசலானவை. கட்டியவர்களில் ஒருவனாக அதைத் தயங்காமல் சொல்வேன்.

2017-ல் மூன்றாம், நான்காம் உலைகளுக்குக் கான்கிரீட் விழுந்தது. அந்த வருட நவம்பரில் வங்காளதேசத்தில் பத்மா நதிக்கரையில் ரூப்பூர் நிலையத்துக்கும் முதல் கான்கிரீட். அங்கே ரஷ்யரோடு இந்தியரும் சேர்ந்து வேலை செய்ய 2018 மார்ச்சில் மூன்று நாடுகளும் உடன்பாடு செய்துகொண்டன. கூடங்குளத்தில் கற்றதுதான் அந்த உடன்பாட்டுக்கு நம் முதலீடு. துருக்கி, எகிப்து, ஹங்கேரி என்று ஒப்பந்தங்கள் நீண்டன. அவற்றின் பட்டியல் இந்த மலருக்குத் தேவையில்லை.

தேவையானது ஒரு சறுக்கல். 2016 ஜூலையில் பெலாரஸின் அஸ்த்ரவெத்ஸ் தளத்தில், முதல் உலையின் அழுத்தக் கலனைத் தூக்கும்போது அது நழுவி இறங்கிவிட்டது. சேதம் எதுவுமில்லை என்றது ரோசாட்டம். பெலாரஸ் அரசு ஒத்துக்கொள்ளவில்லை. வேறு கலன் வேண்டும் என்றது. கடைசியில் மாற்றித்தான் கொடுத்தார்கள். மானிட்டரில் எத்தனை பரிமாணம் ஓட்டினாலும் கிரேனின் கொக்கியும் கட்டுகிற கயிறும் தளத்தில்தான் இருக்கின்றன. கலனை மாற்றியது சரியான முடிவு. அணு உலை விஷயத்தில் வாங்குகிறவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அதற்குமேல் வாதம் கிடையாது.

2018 பிப்ரவரியில் வோல்கதோன்ஸ்க் நான்காம் உலை. டிசம்பர் 7-ல் லிமாரென்கோ சகலின் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக நியமிக்கப்பட்டார். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் ஏறக்குறைய 950 கிலோமீட்டர் நீளத் தீவு; குரில் தீவுகளும் அந்த மாகாணத்துக்குள் அடக்கம். 1890-ல் எழுத்தாளர் செகாவ் வண்டியிலும் படகிலும் சைபீரியாவைக் கடந்து கைதிகளைப் பார்க்கப் போனது அந்தத் தீவுக்குத்தான். 2019 செப்டம்பர் தேர்தலில் லிமாரென்கோ 56 சதவீத வாக்கோடு வென்றார், 2024-லும் வென்றார். இடிந்துவிழும் பழைய குடியிருப்புகளிலிருந்து மக்களை மாற்றுவது, வீடுகளுக்கு எரிவாயுக் குழாய், கரியமில வாயுக் கணக்கைச் சமன்செய்யும் சோதனைத் திட்டம் என்று தீவில் அவர் எடுத்துக்கொண்ட வேலைகளில் பாதி கட்டுமானம்தான். நிஸ்னி நோவ்கோரதில் அவர் விட்டுவந்த நிறுவனம் தொடர்ந்து நம் கரையில் வேலை செய்கிறது. ஐந்தாம், ஆறாம் உலைகளுக்கு 2021-ல் கான்கிரீட் விழுந்தது. ரோசாட்டத்தின் இப்போதைய தலைவர் அலெக்சேய் லிகாச்சோவும் அதே ஸாரோவில் பிறந்தவர்.

2023 செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. ஐந்தாம், ஆறாம் உலைகளுக்கான நீராவி உற்பத்திக் கலன்கள் இரண்டைத் தூத்துக்குடியிலிருந்து ஏற்றிவந்த மிதவை, கூடங்குளம் சிறு துறைமுகத்தை நெருங்கும்போது இழுவைக் கயிறு அறுந்து பாறையில் ஏறி நின்றுவிட்டது. ஒவ்வொரு கலனும் 300 டன்னுக்கு மேல். நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். வேலை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் கால் நிற்கவில்லை. எங்கள் காலத்தில் ஒவ்வொரு பெரிய கலனும் இதே துறைமுகத்தில்தான் இறங்கியது. மிதவை கரையைத் தொடும்வரை யாரும் பேசமாட்டார்கள். சக்கர வண்டியில் ஏறி அங்குலம் அங்குலமாக நகரத் தொடங்கியபின்தான் டீ வரும்.

கரையில் கூட்டம். மீன்பிடிக்கப் போகாமல் நின்ற பெரியவர் ஒருவர், அந்த இடத்தில் பாறை எப்படிப் படுத்திருக்கிறது, எந்த மாதம் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று எனக்குக் கையால் வரைந்து காட்டினார். பாறை, நீரோட்டம், காற்று, மிதவை. மணலில் அவர் விரல் போட்ட கோடு நான் பார்த்த எந்த டிராயிங்கைவிடவும் தெளிவாக இருந்தது. "இத யாரும் எங்ககிட்ட கேக்கலியே தம்பி" என்றார். பிற்பாடு கரையிலிருந்து கல் கொட்டி மிதவைவரை தற்காலிகப் பாதை போட்டு, கலன்களைக் கரையேற்றினார்கள்.